‘ரீஃபண்ட் கிடையாது’ என்று விடுதி சொன்னால் கதை முடிந்ததா?

கோவையிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் சேமித்துத் தனியாக லண்டன் போயிருக்கிறார். முதல் வெளிநாட்டுப் பயணம். பேடிங்டன் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய விடுதியில் ஐந்து இரவுகளுக்கு, முன்பதிவு இணையதளம் ஒன்றின் வழியாக, 340 பவுண்டை கிரெடிட் கார்டில் முழுதாகக் கட்டியிருக்கிறார். ‘ஜன்னல் உள்ள சிங்கிள் ரூம், தனிக் குளியலறை’ என்பது பதிவில் இருந்த விவரம்.

இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ‘இங்கே ரூம் இல்லை, எங்கள் இன்னொரு கட்டடத்தில் தருகிறோம்’ என்று அடுத்த தெருவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கிடைத்தது பேஸ்மெண்டில் ஜன்னலே இல்லாத அறை. சுவரில் ஈரமும் பூஞ்சையும். குளியலறை வெளியே, மூன்று அறைகளுக்குப் பொதுவாக. கதவின் தாழ்ப்பாள் பிடிக்காததால் நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்கியிருக்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வேறு அறை கேட்டதற்கு ‘எல்லாம் ஃபுல்’ என்று பதில். அதற்கடுத்த காலை கழுத்திலும் கையிலும் வரிசையாகத் தடிப்புகள். மெத்தைத் தையலில் மூட்டைப்பூச்சி. அன்றே காலை ஆறு மணிக்கு, ரிசப்ஷனில் ஆள் இல்லாததால் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியேறி, மீதி மூன்று இரவுகளுக்கு 285 பவுண்டு கொடுத்து வேறு விடுதியில் தங்கியிருக்கிறார்.

இது நடந்து 50 நாட்கள் ஆகின்றன. ‘நான்-ரீஃபண்டபிள்’ என்கிறது விடுதி. 3,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்கிறது இணையதளம். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் முன்கூட்டியே ஏற்றிய கார்டு) பிடித்த 50 பவுண்டு டெபாசிட்டும் திரும்பவில்லை. ‘எனக்கு உரிமையே இல்லையா? லண்டன் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? இரண்டு விடுதிகளுக்கும் கொடுத்த 625 பவுண்டையும், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சமும் கேட்கலாமா?’ என்பவை அவருடைய கேள்விகள். ‘தனியாகப் போனால் இப்படித்தான்’ என்று உறவினர் சொன்னதையும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்த உறவினரின் பேச்சை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். நான்கு பேராகப் போயிருந்தாலும் அதே பேஸ்மெண்ட், அதே மெத்தைதான். தாழ்ப்பாள் இல்லாத அறையில் இரண்டு இரவு இருந்தும் பதறிக் கத்தாமல் படம் எடுத்தீர்கள், எழுத்தில் புகார் சொன்னீர்கள், பாதுகாப்பாக வெளியேறினீர்கள். இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த மூன்று காரியங்களின் மேல்தான் நிற்கிறது.

உங்கள் வழக்குக்கு நல்ல முகாந்திரம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

எது குறைபாடு, எது ஏமாற்றம்

கடிதத்தில் பதினோரு குறைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதில் லிஃப்ட் இல்லை, அறை சிறியது, படி செங்குத்து, ஏசி இல்லை, காலை உணவு வெறும் ரொட்டி என்ற ஐந்தையும் அடித்துவிடுங்கள். பேடிங்டன், பேஸ்வாட்டர், எர்ல்ஸ் கோர்ட் பக்கத்து மலிவு விடுதிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் குடும்பங்களுக்காக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். பின்னாளில் குறுக்குச் சுவர் எழுப்பி அறைகளாகப் பிரித்தவை. அங்கே லிஃப்ட் இருக்கும் என்று விளம்பரத்தில் சொல்லாத வரை, இல்லாதது சேவைக் குறைபாடு ஆகாது. நட்சத்திரக் குறியும் அப்படித்தான். பிரிட்டனில் நட்சத்திரத் தரம் பெறுவது கட்டாயமில்லை; இணையதளத்தில் தெரியும் நட்சத்திரம் பல நேரம் விடுதியே பதிந்துகொண்டது. அதை வைத்து வாதாடாதீர்கள். பலவீனமான ஐந்து புள்ளிகளைச் சேர்த்தால், பலமான நான்கையும் ‘குறை சொல்வதே இவருக்குப் பழக்கம்’ என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும்.

பலமான நான்கு எவை? விலை கொடுத்து வாங்கிய முகவரியில் தங்க வைக்கவில்லை. ஜன்னல் உண்டு என்று சொல்லி, இல்லாத அறை தந்தார்கள். தனிக் குளியலறை என்று சொல்லி, பொதுக் குளியலறை தந்தார்கள். தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை. முதல் மூன்றும் ‘சொன்னது வேறு, தந்தது வேறு’ என்ற ஒரே இனம். யாருடைய ரசனையையும் சாராமல், காகிதத்தை வைத்தே நிரூபிக்கக் கூடியவை.

முகவரி மாறியதுதான் இவற்றில் முதன்மையானது என்பது என் கருத்து. உங்கள் வவுச்சரில் உள்ள கதவு எண்ணையும், அறையில் எடுத்த படங்களில் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் படத்தைத் திறந்து விவரம் பார்த்தால் தேதி, நேரம், வரைபடப் புள்ளி மூன்றும் தெரியும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால்தான் புள்ளி பதிவாகும். பேஸ்மெண்டில் அது சில மீட்டர் தள்ளியும் காட்டலாம். வாசலில் எடுத்த படம் இருந்தால் அதுவே மேல். ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இந்தத் தகவல் அழிந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே கணினியில் நகலெடுத்து வையுங்கள். வெட்டவோ, வட்டம் போடவோ, மேலே எழுதவோ வேண்டாம்.

மூட்டைப்பூச்சியை நீங்கள் முதல் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது ஐந்தாவது. ஏனென்றால் கடித்த தடிப்பு உடனே தெரிய வேண்டும் என்பதில்லை, சிலருக்கு நாட்கள் கழித்தும் வரும். ‘விமானத்தில் கடித்திருக்கலாம், முந்தைய இடத்திலிருந்து நீங்களே கொண்டுவந்திருக்கலாம்’ என்பார்கள். தடிப்பின் படம் தனியாக நிற்காது. ஆனால் மெத்தைத் தையலில் பூச்சியும், அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளும் தெரியும் படம் உங்களிடம் இருக்கிறது. அந்தப் புள்ளிகள் அவற்றின் எச்சம். ஒரே இரவில் அத்தனை சேராது, பூச்சி அங்கே குடியிருந்ததைக் காட்டும். தடிப்புப் படத்தைப் பின்னால் வைத்து, மெத்தைப் படத்தை முன்னால் வையுங்கள்.

‘நான்-ரீஃபண்டபிள்’ எதைத் தடுக்கிறது

உங்கள் மனம் மாறினால், விசா தாமதமானால், விமானம் தவறினால் பணம் திரும்பாது என்பதுதான் அந்த நிபந்தனையின் பொருள். விலை குறைவாகக் கிடைத்ததற்கு ஈடாக அந்த ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். விற்ற பொருளையே தராமல் பணத்தை வைத்துக்கொள்ள அது அனுமதிச் சீட்டு அல்ல.

விடுதிக்கும் உங்களுக்கும் நடந்த பேரத்துக்கு அங்குள்ள 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். வியாபாரி சொல்லியோ எழுதியோ கொடுத்த தகவலை நம்பி நுகர்வோர் முடிவெடுத்திருந்தால், அந்தத் தகவல் ஒப்பந்தத்தின் பகுதி என்கிறது அதன் 50ஆம் பிரிவு. குறையைச் சரிசெய்ய முடியாதபோது கட்டணத்தில் உரிய பகுதியைக் குறைக்கக் கேட்கலாம் என்கிறது 56ஆம் பிரிவு. விடுதிக்கு எழுதும் கடிதத்தில் இந்த இரண்டு பிரிவு எண்களையும் குறிப்பிடுங்கள். பதிலின் தொனி மாறுவதற்கு அதுவே பல நேரம் போதும்.

14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை அங்கே உண்டு என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆன்லைனில் வாங்கும் பொருட்களுக்கும் சில சேவைகளுக்கும் உரியது. குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த விடுதி அறைக்குக் கிடையாது.

உங்கள் பக்கம் ஒரு பலவீனமும் உண்டு. வெளியேறும் முன் ‘சரிசெய்யாவிட்டால் கிளம்பிவிடுவேன்’ என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லாமல் போய்விட்டார் என்று வாதிடுவார்கள். அதற்கு உங்கள் பதில் அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான். அறை கேட்டீர்கள், ஃபுல் என்றார்கள். சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்து, அவர்களே கைவிரித்ததாக அது ஆகிறது. இரண்டு செய்திகளும் நேரத்தோடு தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

முதலில் வங்கி

நுகர்வோர் ஆணையத்தில், அதாவது நுகர்வோர் நீதிமன்றத்தில், மனு கொடுக்க இரண்டு வருடம் இருக்கிறது. வங்கிக்கு அவ்வளவு இல்லை. கார்டு நிறுவனங்களின் விதிப்படி, ‘சேவை விவரித்தபடி இல்லை’ என்ற வகையில் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக்குக்குப் பொதுவாக 120 நாட்கள்தான். 50 போய்விட்டது. மீதி 70 நாட்களில் வங்கி தன் வேலைக்கும் நேரம் எடுக்கும். ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள்.

பலர் சறுக்குவது படிவத்தில். ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்ற கட்டத்தைக் கஸ்டமர் கேர் ஊழியர் அவசரத்தில் டிக் செய்துவிடுவார். அது மோசடிப் புகார். கார்டு முடக்கப்படும், ஓடிபி போட்டது நீங்கள்தான் என்று தெரிந்ததும் புகார் தள்ளுபடியாகும். நீங்கள் கேட்க வேண்டியது ‘சேவை விவரித்தபடி இல்லை’ என்ற வகை மட்டுமே. போனில் ‘நான்-ரீஃபண்டபிள் என்றால் எடுக்க முடியாது’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள்.

கூடவே கார்டு ஸ்டேட்மெண்டில் யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். இணையதளத்தின் பெயர் இருந்தால் பணம் வாங்கியவர் அவர்கள், ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று ஒதுங்குவது கடினம். விடுதியின் பெயர் இருந்தால் சார்ஜ்பேக் விடுதியின் மேல் போகும். இணைக்க வேண்டியவை: வவுச்சர், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அறைப் படங்கள் ஆறேழு, வாட்ஸ்அப் உரையாடல், பணம் கேட்டு நீங்கள் எழுதியதும் அவர்கள் மறுத்ததும், புதிய விடுதியின் பில். விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்துக்கொள்ளுங்கள். நாளை ‘ஜன்னல்’ என்ற சொல் அங்கே இல்லாமல் போகலாம்.

வங்கி முதலில் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கலாம். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் அது திரும்பப் பறிபோகவும் கூடும். கணக்கில் ஏறிவிட்டது என்று செலவு செய்துவிடாதீர்கள். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, சரியான காரணமின்றி மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். உதவி எண் 14448. ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் நடத்தையை மட்டுமே. விடுதி செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

பிரிட்டிஷ் சட்டப்படி கார்டு நிறுவனமே பொறுப்பு என்று தோழி சொன்னது 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. அது பிரிட்டனின் கடன் சட்டத்துக்கு உட்பட்ட கார்டுகளுக்கு உரியது. கோவையில் வாங்கிய கார்டுக்குப் பொருந்தாது. அதைக் குறிப்பிட்டு உங்கள் வங்கிக்கு எழுதினால் நேரம்தான் வீண்.

டெபாசிட் தனி விவகாரம். ஃபாரெக்ஸ் கார்டு ஸ்டேட்மெண்டில் அந்த 50 பவுண்டு ‘பிடித்து வைத்தது’ என்று இருக்கிறதா, ‘எடுத்தது’ என்று இருக்கிறதா? பிடித்து மட்டும் வைத்திருந்தால், விடுவிக்கும்படி கார்டு கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள். எடுத்தே விட்டார்கள் என்றால், காரணம் கேட்டு விடுதிக்கு எழுதி, அந்தக் கார்டிலும் தனியாகத் தகராறு பதியுங்கள். சாவியைப் பெட்டியில் போடும்போது எடுத்த படம் இங்கே உதவும்.

எவ்வளவு கேட்கலாம்

625 பவுண்டு முழுதையும் கேட்க முடியாது. கேட்டால், லண்டனில் ஐந்து இரவும் இலவசமாகத் தங்கியதாக ஆகும். கணக்கை இப்படிப் போடுங்கள். ஓர் இரவு 68 பவுண்டு. தங்காத மூன்று இரவுக்கு 204. இது முழுதாக உங்களுடையது. தங்கிய இரண்டு இரவுக்கு 136 கட்டியிருக்கிறீர்கள், கூரையும் படுக்கையும் பெயருக்காவது கிடைத்தன, ஆகவே பாதி, அதாவது 68 கேளுங்கள். புது விடுதிக்குக் கொடுத்த 285இல், திரும்பப் பெற வேண்டிய 204ஐக் கழித்தால் கூடுதல் செலவு 81. மொத்தம் 353 பவுண்டு, டெபாசிட் நீங்கலாக. இதில் 81ஐ வங்கியிடம் கேட்காதீர்கள். சார்ஜ்பேக் கட்டிய பணத்துக்கு மட்டுமே. விளைவுச் செலவுக்கு ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் வேண்டாம். கேட்பதால் கூடுதல் கட்டணம் இல்லைதான், ஆனால் மனுவின் நம்பகத்தன்மை குறையும். தாழில்லாத அறையில் தனியாக ஒரு பெண் இரண்டு இரவு கழித்ததை விவரித்து, 50,000 ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்பது பொருத்தம். அதில் ஒரு பகுதி கிடைத்தாலும் நியாயமே.

பயண இன்ஷூரன்ஸையும் பார்த்துவிடுங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் மோசமான அறைக்குப் பணம் தருவதில்லை.

வழக்கு கோவையிலேயே

லண்டன் போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. அதை வைத்துத்தான் பலர் இன்னும் தவறாகச் சொல்கிறார்கள். சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களைப் பதிவேற்றலாம்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்கும் வெளிநாட்டு இணையதளங்களுக்கும் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் பொருந்தும். அவர்களுடைய குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நீங்கள் இதுவரை பேசியது சாட் பெட்டியில். அது கணக்கில் வராது. தளத்தில் குறைதீர் அலுவலரின் முகவரியைத் தேடி, 353 பவுண்டுக் கணக்கோடு முறையாக எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

அந்த 3,000 ரூபாய் கூப்பனை இப்போது தொடாதீர்கள். ‘முழு இறுதித் தீர்வாக’ என்ற வரி நிபந்தனையில் ஒளிந்திருந்தால், ஏற்றுக்கொண்டதே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

மனுவில் இணையதளத்தை முதல் எதிர்த்தரப்பாகவும் விடுதியை இரண்டாவதாகவும் சேருங்கள். லண்டன் விடுதியிடம் இங்கிருந்து உத்தரவை வைத்து வசூலிப்பது நடைமுறையில் மிகக் கடினம்; பணம் வரக்கூடியது இணையதளத்திடமிருந்துதான். ‘எங்கள் விதிப்படி வேறு நாட்டு நீதிமன்றம்தான், மத்தியஸ்தம்தான் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பு)’ என்று வாதம் வரும். நுகர்வோர் சட்டம் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலானது என்ற 100ஆம் பிரிவையும், மத்தியஸ்த ஷரத்து நுகர்வோர் மனுவைத் தடுக்காது என்ற 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டலாம். படங்களுக்கும் வாட்ஸ்அப்புக்கும், மின்னணு ஆதாரத்துக்கு உறுதி சொல்லும் சாட்சியச் சட்டம் 2023இன் 63ஆம் பிரிவுச் சான்றிதழை இணைத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தாக்களோடு ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளுக்குத் தனி நடைமுறை உண்டு, ஆறு வருடம் அவகாசமும் உண்டு. ஆனால் அங்கே ஒரு முகவரி, கட்டணம், விசாரணை என்று 353 பவுண்டுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே செய்ய வேண்டியது வேறு: பேடிங்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகர சபைக்கு உட்பட்டது. அதன் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் பூச்சி, பூஞ்சை, தாழ்ப்பாள் மூன்றையும் படத்தோடு எழுதுங்கள். பணம் வராது. அடுத்து அந்த அறைக்குப் போகப்போகிறவருக்காக எழுதுங்கள்.

விமர்சனமும் எழுதலாம். தேதி, கட்டடம், படம், நடந்தது இவை மட்டும் போதும். ரிசப்ஷன் பையனின் பெயர் வேண்டாம், ‘மோசடிக் கும்பல்’ என்ற சொல் வேண்டாம். ‘பணம் தராவிட்டால் விமர்சனம் போடுவேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நியாயமான கோரிக்கை மிரட்டலாகத் தெரிய அந்த ஒரு வரி போதும்.

பரணில் இருக்கும் பெட்டி

பூச்சிக்குப் பயந்து, வந்த நாளிலிருந்து பெட்டியைத் திறக்காமல் பரணில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் தாங்கும், ஆகவே காத்திருந்து பயனில்லை. பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி இறக்கி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் திறவுங்கள். துணிகளை அங்கேயே வேறு பையில் கட்டி நேராக 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தாங்காத துணியை லாண்டரியில் சூடான டிரையரில் அரை மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். பெட்டியின் தையல், ஜிப், சக்கரக் குழி எல்லாம் வாக்குவம் போட்டு, அந்தத் தூசியைக் கட்டி வெளியே எறியுங்கள். வெயிலில் வைத்தால் மட்டும் போதாது, உள் மடிப்புகளுக்கு அந்தச் சூடு போய்ச் சேராது.

டெபாசிட்டுக்கு விடுதி கையால் எழுதிக்கொடுத்த ரசீது அந்தப் பெட்டியின் முன் ஜிப்பில் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாவது கட்டடத்தின் கதவு எண் அதில் எழுதியிருக்க வாய்ப்புண்டு. துணியைத் தொடும் முன் அதை எடுத்து, இரு பக்கமும் படம் பிடித்து, வங்கிக்கு அனுப்பும் ஆவணங்களில் முதலாவதாக வையுங்கள்.